இடம் மாறும் மணல்திட்டுகள், கடலோரக் கட்டுமானங்கள்: விண்ட்சர்ஃபிங் களங்கள் மாறுவது எப்படி?

இந்தியாவின் பிரதான நிலப்பகுதிக் கடற்கரையில் 33.6 சதவீதம் கடலரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. 26.9 சதவீதப் பகுதியில் மணல் சேர்ந்து கரை வளர்ந்திருக்கிறது. எஞ்சிய 39.6 சதவீதம் ஏறக்குறைய நிலையாக உள்ளது. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் கள அளவீடுகளையும் கொண்டு, சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கண்டறிந்த முடிவு இது. சுருங்கச் சொன்னால், நாட்டின் கடற்கரையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஒரே தலைமுறைக் காலத்தில் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டுள்ளது.

இந்த மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படுவோர் மீனவர்கள். வலை உலர்த்தும் மணற்பரப்பும், படகை ஏற்றி வைக்கும் கரையும், பாதுகாப்பாகக் கடலுக்குள் செல்லும் வழியும் அவர்களுடைய வாழ்வாதாரம். அதே கடற்கரையைப் பயன்படுத்தும் மற்றொரு சிறு பிரிவினரும் இம்மாற்றத்தை நாள்தோறும் காண்கின்றனர். அவர்கள் விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்மரப் பலகைச் சறுக்கு விளையாட்டில் ஈடுபடுவோர். சென்ற ஆண்டு ஆழமாக இருந்த இடம் இவ்வாண்டு முழங்கால் அளவு நீராகிவிடுவதும், அமைதியாக இருந்த நீர்ப்பரப்பில் திடீரென அலை உடைவதும் இவ்விளையாட்டில் வழக்கமான நிகழ்வுகள். இவற்றில் எது இயற்கையின் போக்கு, எது துறைமுகங்கள், தூண்டில் வளைவுகள், தூர்வாரும் பணிகள் ஆகியவற்றின் விளைவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விண்ட்சர்ஃபிங் என்பது என்ன?

அலைச்சறுக்குப் பலகையின் மீது சுழலும் இணைப்பு ஒன்றின் வழியாகப் பாய்மரத்தைப் பொருத்தி, நின்ற நிலையில் கைகளால் பாயைப் பிடித்துக் காற்றின் விசையால் செல்லும் விளையாட்டு இது. 1960-களில் அமெரிக்காவில் உருவானது. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் போட்டியில் ஆடவர் பிரிவிலும், 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் மகளிர் பிரிவிலும் சேர்க்கப்பட்டது. 2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக் வரை ‘ஆர்எஸ்:எக்ஸ்’ வகைப் பலகை பயன்படுத்தப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதற்குப் பதிலாக ‘ஐக்யூ ஃபாயில்’ வகை இடம்பெற்றது.

இந்தியாவில் இவ்விளையாட்டு, பாய்மரப் படகுப் போட்டியின் ஒரு பிரிவாகவே நடத்தப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆடவர் ஆர்எஸ்:எக்ஸ் பிரிவில் இந்தியாவின் இபாத் அலி வெண்கலப் பதக்கம் வென்றார். ஏரிகளில் தொடக்கப் பயிற்சி பெற இயலும் என்றாலும், அலையும் நீரோட்டமும் உள்ள கடலில் பழகாமல் பன்னாட்டுப் போட்டிகளுக்குத் தயாராவது கடினம். ஆகவே நல்ல கடற்களம் கிடைப்பதும் நிலைப்பதும் வீரர்களுக்கு முக்கியமானவை.

மணல்திட்டு உருவாகும் விதம்

கரையை நோக்கி வரும் அலை, நீரின் ஆழம் குறையக் குறைய உயர்ந்து, ஒரு கட்டத்தில் உடைகிறது. பொதுவாக அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டும்போது உடைதல் நிகழும். அதாவது, 1 மீட்டர் உயர அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். உடையும் இடத்தில் நீர் கலங்கி மணலைக் கிளப்புகிறது. அடியில் கடலை நோக்கித் திரும்பும் நீர் அந்த மணலை இழுத்து வந்து ஓரிடத்தில் படிய வைக்கிறது. இவ்வாறு கரைக்கு இணையாக நீருக்கடியில் நீண்டு கிடக்கும் மேடே மணல்திட்டு.

இந்த மேடு ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. புயல் காலத்தில் பெரிய அலைகள் கரை மணலை அள்ளிச் சென்று திட்டைக் கடலுக்குள் தள்ளுகின்றன. அமைதியான மாதங்களில் சிறு அலைகள் அதே மணலை மெல்லக் கரைக்குத் திருப்புகின்றன. பருவமழைக்குப் பின் குறுகித் தோன்றும் கடற்கரை, சில மாதங்களில் மீண்டும் அகலமாவது இதனால்தான்.

இத்துடன் மற்றோர் இயக்கமும் உண்டு. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கும்போது மணல் கரையை ஒட்டியே நகர்கிறது. இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும் செல்கிறது. முதல் இயக்கம் நீண்ட காலமும் கூடுதல் அளவிலும் நிகழ்வதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே பயணிக்கிறது. ஓர் ஆண்டில் இவ்வாறு நகரும் மணலின் நிகர அளவு பல இடங்களில் சில லட்சம் கன மீட்டர். கரையோரத்தில் ஓடும் இந்த மணல் ஆற்றை மனத்தில் கொண்டால், பின்னர் வரும் விளைவுகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் நிலை இன்னும் சிக்கலானது. ஆற்று நீரின் வேகமும் ஓதங்களும் வாயைத் திறந்து வைக்க முயல்கின்றன. அலைகள் மணலைக் கொண்டுவந்து அடைக்க முயல்கின்றன. மழைக்காலத்தில் திறந்திருக்கும் முகத்துவாரம் கோடையில் மூடிக்கொள்வது தமிழகக் கடலோரத்தில் பலரும் அறிந்த காட்சி.

மணல்திட்டால் நன்மையும் ஆபத்தும்

மணல்திட்டு விண்ட்சர்ஃபிங்குக்குப் பகை அன்று. பல களங்கள் புகழ்பெற்றதே அதனால்தான். கடலுக்குள் இருக்கும் திட்டின் மீது அலை உடைந்து வலுவிழந்தபின், திட்டுக்கும் கரைக்கும் இடையே காற்று மிகுந்த, அலை குறைந்த நீர்ப்பரப்பு உருவாகிறது. புதியவர்கள் கற்பதற்கும், வேகப் பயிற்சி பெறுவதற்கும் இத்தகைய இடமே ஏற்றது. விழுந்தவர் காலூன்றி நின்று மீண்டும் பாயைத் தூக்க முடிவதும் ஒரு வசதி. அனுபவமிக்கவர்களோ திட்டின் மீது உடையும் அலையையே தேடிச் செல்கின்றனர்.

ஆபத்துகளும் அங்கேயே உள்ளன. இரு திட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாகக் கரையோர நீர் கடலுக்குள் விரைந்து திரும்பும். கடலுக்குள் இழுக்கும் இந்த நீரோட்டம், திட்டு இடம் மாறும்போது தானும் இடம் மாறுகிறது. நேற்று பாதுகாப்பாக நீந்திய இடம் இன்று ஆபத்தானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பலகையின் அமைப்பும் ஆழத்தோடு தொடர்புடையது. வழக்கமான பலகைகளின் அடியில் உள்ள துடுப்பு, வகைக்கேற்ப 20 முதல் 50 சென்டிமீட்டர் வரை நீளும். சிலவற்றில் இன்னும் நீளமாக இருக்கும். புதிய ஒலிம்பிக் வகையில், பலகையை நீருக்கு மேலே தூக்கிச் செல்லும் ஹைட்ரோஃபாயில் எனும் நீரடி இறக்கை பொருத்தப்பட்டுள்ளது. அதன் தண்டு ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் கொண்டது. வேகமாகச் செல்லும்போது அது திட்டில் தட்டினால், பலகை உடனே நின்று வீரர் முன்னோக்கித் தூக்கி எறியப்படுவார். எனவே ஒரு களத்தில் அரை மீட்டர் ஆழம் குறைவது, பழைய வகைப் பலகைக்கு இடையூறாக மட்டும் அமையலாம். புதிய வகைக்கு அந்தக் களமே பயன்படாமல் போகலாம்.

கட்டுமானங்கள் என்ன செய்கின்றன?

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் எந்தக் கட்டுமானமும் மணலின் பயணத்தைத் தடுக்கிறது. துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவராக இருந்தாலும், மீனவர் கிராமத்தைக் காக்க அமைத்த தூண்டில் வளைவாக இருந்தாலும் இயற்பியல் ஒன்றே. மணல் வரும் பக்கத்தில் கரை வளர்கிறது. மறுபக்கத்துக்கு மணல் வராததால், அங்குள்ள அலைகள் இருக்கும் மணலை அள்ளிச் செல்கின்றன. கிழக்குக் கடற்கரையில் பெரும்பாலும் தெற்கே வளர்ச்சியும் வடக்கே அரிப்பும் நிகழ்வதன் காரணம் இதுதான்.

கரையை ஒட்டிக் கற்களைக் கொட்டி எழுப்பும் தடுப்புச் சுவர், பின்னால் உள்ள சாலையையும் வீடுகளையும் காக்கும். ஆனால் அதன் முன்னால் உள்ள மணற்பரப்பு காலப்போக்கில் மறைந்துவிடுகிறது. விண்ட்சர்ஃபிங்குக்கு இது நேரடி இழப்பு. பலகையையும் பாயையும் விரித்துப் பூட்டுவதற்கும், நீரில் இறங்குவதற்கும், குறிப்பாகக் களைத்துத் திரும்பும்போது கரையேறுவதற்கும் மணற்கரை வேண்டும். கற்குவியலில் மோதும் அலைக்கு நடுவே கரையேற முயல்வது உயிருக்கு ஆபத்தானது. சுவரில் மோதித் திரும்பும் அலைகள் எதிர்வரும் அலைகளோடு கலந்து, ஒழுங்கற்ற கொந்தளிப்பையும் உண்டாக்குகின்றன.

தூர்வாருதல் வேறு வகையில் செயல்படுகிறது. கப்பல் செல்லும் கால்வாயை ஆழப்படுத்தினால் அலை உடையாமல் நேரே உள்ளே வரும். ஓத நீரோட்டத்தின் வேகமும் மாறும். எடுத்த மணலை எங்கே கொட்டுகின்றனர் என்பதும் முக்கியம். ஆழ்கடலில் கொட்டினால் அது கரைக்குத் திரும்புவது அரிது. அரிக்கப்பட்ட கரையில் கொட்டினால் இழந்த கடற்கரையில் ஒரு பகுதியை மீட்கலாம். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கொண்டு நகரின் ராமகிருஷ்ணா கடற்கரையைப் பேணிவருவது இதற்கு உதாரணம்.

காற்றின் மீதான விளைவு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. உயரமான கட்டடமும், அடுக்கி வைத்த சரக்குப் பெட்டகங்களும் காற்றைத் தடுக்கின்றன. ஒரு தடையின் பின்னால், அதன் உயரத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு தொலைவு வரை காற்று வலுவிழந்தும் சுழன்றும் வீசக்கூடும். நீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்டுவிட்டு வீசும் காற்றில் பாயைக் கட்டுப்படுத்துவது கடினம்.

சென்னை: துறைமுகம் கொடுத்ததும் எடுத்ததும்

இந்த விளைவுகளுக்கு இந்தியாவின் மிகப் பழைய சான்று சென்னை. 1870-களின் நடுப்பகுதியில் இங்கு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டும் பணி தொடங்கியது. கட்டுமானம் கடலுக்குள் நீண்டதும் அதன் தெற்கே மணல் சேரத் தொடங்கியது. இன்று உலகின் நீண்ட நகர்ப்புறக் கடற்கரைகளில் ஒன்றாகப் பேசப்படும் மெரினாவின் அகலம், பெருமளவு அந்தத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திய மணலால் கிடைத்தது. அதே காலத்தில் வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான மீனவர் குடியிருப்புகள் கரையை இழந்தன. அங்கு கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அடுத்தடுத்து அமைக்க வேண்டியதாயிற்று.

மணல் துறைமுகத்தையும் விடவில்லை. கிழக்கு நோக்கி அமைந்திருந்த முதல் நுழைவாயில் பயன்பாட்டுக்கு உகந்ததாக இல்லாததால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டு வடகிழக்கில் புதிய நுழைவாயில் அமைக்கப்பட்டது. அந்தச் சீரமைப்புக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1911-ஆம் ஆண்டு சென்னையில் பாய்மரப் படகு மன்றத்தைத் தொடங்கியவரும் அவரே. இன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று அறியப்படும் அம்மன்றம், துறைமுக வளாகத்துக்குள் இருந்தே இயங்கிவருகிறது.

திறந்த கடலில் அலை உடையும் இந்நகரில், சுவர்களுக்குள் அடங்கிய அமைதியான நீர்ப்பரப்பு படகோட்டிகளுக்குப் பயிற்சிக்களமாக அமைந்தது. பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று அதற்குத் துணை நின்றது. ஒரே கட்டுமானம் ஒரு சாராருக்குக் களத்தையும் மற்றொரு சாராருக்கு இழப்பையும் தந்தது என்பதைச் சென்னையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நன்மை பெற்றவர்களும் இழந்தவர்களும் வேறு வேறு இடங்களில் இருந்ததால், இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் ஏற்படவில்லை.

புதுச்சேரி: மறைந்த கடற்கரை, ஓரளவு மீட்பு

புதுச்சேரியில் 1989-ஆம் ஆண்டு துறைமுக அலைத் தடுப்புச் சுவர்கள் அமைக்கப்பட்ட பின், வடக்கே நகரின் கடற்கரை படிப்படியாக மறைந்தது. தேங்கும் மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும், அது தொடர்ந்து போதிய அளவில் செயல்படவில்லை. கடற்கரைச் சாலையின் ஓரம் முழுவதும் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு அங்கேயே நிற்காமல் வடக்கே தமிழகப் பகுதியில் உள்ள மீனவர் கிராமங்களுக்கு நகர்ந்தது. ஒரு கிராமத்தைக் காக்க அமைத்த தூண்டில் வளைவு, அடுத்த கிராமத்துக்கு அரிப்பைக் கொண்டு சென்றது.

2018-ஆம் ஆண்டு, சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், நீரில் மூழ்கிய ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்று கடற்கரைச் சாலையின் வடபகுதிக்கு எதிரே அமைக்கப்பட்டது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. அதன்பின் தலைமுறை ஒன்று காணாத மணற்பரப்பு நகரின் ஒரு பகுதியில் மீண்டும் தோன்றியது. கரைக்குச் செங்குத்தாகச் சுவர் எழுப்பாமல், அலையின் வலிமையைக் கடலுக்குள்ளேயே குறைப்பது இத்திட்டத்தின் அடிப்படை. இயற்கையான மணல்திட்டு செய்யும் வேலையைச் செயற்கைத் திட்டைக் கொண்டு செய்விக்கும் முயற்சி என்று இதனைக் கூறலாம். எனினும் நீருக்குள் மறைந்திருக்கும் எஃகும் கல்லும் பலகையில் செல்வோருக்குக் கண்ணில் படாத தடைகள். இத்தகைய இடங்களில் மிதவைக் குறியீடுகள் இன்றியமையாதவை.

கோவா: தரைதட்டிய கப்பல் கற்பித்த பாடம்

மேற்குக் கடற்கரையில் பருவமழைக் காலமே முக்கியக் காரணி. கோவாவில் மாண்டவி ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள அகுவாடா மணல்திட்டு, தென்மேற்குப் பருவமழையின்போது கொந்தளிப்பால் கப்பல் போக்குவரத்துக்கு உகந்ததாக இருப்பதில்லை. அம்மாதங்களில் தாதுப் படகுகள் கும்பார்ஜுவா கால்வாய் வழியாக ஜுவாரி ஆற்றுக்குச் சென்று துறைமுகத்தை அடையும் வழக்கம் உருவானது. நீர் விளையாட்டுகளும் மழைக்காலத்தில் நிறுத்தப்பட்டு, கடல் அமைதியடைந்த பின்னரே தொடங்குகின்றன.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘ரிவர் பிரின்சஸ்’ என்ற தாதுக் கப்பல் காண்டோலிம் கடற்கரைக்கு அருகே தரைதட்டியது. ஏறக்குறைய 12 ஆண்டுகள் அக்கப்பல் அங்கேயே கிடந்தது. அலை, கப்பலில் மோதி வலுவிழந்ததால் கப்பலுக்கு நேரே உள்ள கரையில் மணல் சேர்ந்தது. அண்டைப் பகுதிகளில் கரை அரிக்கப்பட்டது. யாரும் திட்டமிடாத ஓர் அலைத் தடுப்புச் சுவரைப் போல அது செயல்பட்டது. கரையிலிருந்து விலகிக் கடலில் இருக்கும் ஒரு தடைகூட, கரையின் வடிவத்தை எவ்வளவு விரைவில் மாற்றும் என்பதற்கு இது நேரடிச் சான்றாக அமைந்தது.

முதலப்பொழி: உயிரைப் பறிக்கும் முகத்துவாரம்

மணல்திட்டும் கட்டுமானமும் சேர்ந்தால் ஏற்படும் ஆபத்தின் உச்சத்தைக் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள முதலப்பொழி மீன்பிடித் துறைமுகத்தில் காணலாம். முகத்துவாரத்தின் இருபுறமும் அலைத் தடுப்புச் சுவர்கள் அமைந்த பின்னரும், நுழைவாயிலில் மணல் சேர்வது நிற்கவில்லை. ஆழம் குறைந்த அவ்விடத்தில் பருவமழைக் கால அலைகள் திடீரென எழுந்து உடைவதால், படகுகள் கவிழ்ந்து பல மீனவர்கள் உயிரிழந்துள்ளனர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முகத்துவாரம் மணலால் முற்றிலும் அடைபட்டது. அதனை உடனே தூர்வாரக் கோரி மீனவர்கள் போராட்டத்தில் ஈடுபட்டனர்.

இயந்திரப் படகும் தலைமுறை அனுபவமும் உள்ளவர்களே தப்ப முடியாத இடத்தில், காற்றை மட்டும் நம்பிச் செல்லும் பலகைக்கு இடமில்லை. காற்று ஓய்ந்தால் விண்ட்சர்ஃபர் நீரோட்டத்தின் போக்கில் அடித்துச் செல்லப்படுவார். துறைமுக நுழைவாயில்களையும் ஆற்று முகத்துவாரங்களையும் தவிர்க்க வேண்டும் என்பது இவ்விளையாட்டின் அடிப்படை விதிகளில் ஒன்று.

ராமேஸ்வரம்: இரு பருவக்காற்றும் வீசும் தீவு

பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே உள்ள ராமேஸ்வரம் தீவு, காற்றைச் சார்ந்த விளையாட்டுகளுக்கு இயற்கை அளித்த இடம். கோடையில் தென்மேற்குக் காற்றும், குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்றும் இங்கு நெடுநாட்கள் சீராக வீசுகின்றன. காற்றின் திசைக்கேற்ப ஒரு பக்கக் கடல் கொந்தளித்தால், மறுபக்கம் அமைதியாக இருக்கும். ஆழம் குறைந்த நீரும், தனுஷ்கோடியைச் சுற்றியுள்ள மணல்திட்டுகளும் சமநீர்ப் பரப்புகளை உருவாக்குகின்றன. பட்டத்தின் விசையால் பலகையில் செல்லும் கைட்சர்ஃபிங் விளையாட்டு இங்கு வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

இந்த அமைப்பு எளிதில் மாறக்கூடியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் புயல் தனுஷ்கோடி நகரத்தையே அழித்தது. 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தில், ராமர் பாலம் எனப்படும் ஆதம் பாலத் திட்டுகளைத் தூர்வாரும் பணி, 2007-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் நின்றது. 2017-ஆம் ஆண்டு அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. நகரும் இயல்புடைய குறுகிய மணல்முனையில் நிலையான சாலையைக் காக்க, கற்களால் கரையைப் பலப்படுத்த வேண்டியிருக்கிறது. திட்டுகள் இயல்பாக இடம் மாற விடுவதா, சாலையைக் காப்பதா என்ற கேள்வி இங்கு ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எழக்கூடியது.

நெதர்லாந்து: கட்டுமானமே களமான கதை

உலக அளவில் இந்தத் தொடர்பைத் தெளிவாகக் காட்டும் நாடு நெதர்லாந்து. 1953-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்நாட்டில் 1,836 பேர் உயிரிழந்தனர். அதன் பின் மேற்கொள்ளப்பட்ட ‘டெல்டா’ திட்டத்தின் ஒரு பகுதியாக, 1971-ஆம் ஆண்டு பிரௌவர்ஸ்டாம் அணை கட்டி முடிக்கப்பட்டது. கடலின் ஒரு கிளை அதனால் ஏரியாயிற்று. அணைக்கு வெளியே ஓத நீரோட்டம் வலுவிழந்ததால், அதுவரை நீரோட்டம் வெளியே தள்ளி வைத்திருந்த மணலை அலைகள் கரையை நோக்கிக் கொண்டுவந்தன. திட்டுகள் புதிய வடிவம் பெற்றன. இன்று அணையின் ஒருபுறம் அமைதியான ஏரி, மறுபுறம் திட்டுகளும் அலையும் நிறைந்த வடகடல் என, இருவகை நீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால் அது அந்நாட்டின் புகழ்பெற்ற விண்ட்சர்ஃபிங் களங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

2011-ஆம் ஆண்டு அதே நாட்டில் ஹேக் நகருக்குத் தெற்கே ‘மணல் இயந்திரம்’ என்ற திட்டம் நிறைவேற்றப்பட்டது. கடலடியிலிருந்து எடுத்த சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொண்டு, கடலுக்குள் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளும் கொக்கி வடிவத் தீபகற்பம் உருவாக்கப்பட்டது. காற்றும் அலையும் அந்த மணலைச் சுமார் 20 ஆண்டுகளில் இருபுறக் கரைகளுக்கும் பரப்பும் என்பது திட்டம். கொக்கியின் உட்புறம் உருவான காயல் கைட்சர்ஃபிங் வீரர்களை உடனே ஈர்த்தது. மணல் நகர நகரக் காயலின் வாயும் நீரோட்டமும் மாறிக்கொண்டே இருந்ததால், நீந்துவோரின் பாதுகாப்புக்குத் தனிக் கண்காணிப்பும் தேவைப்பட்டது. மணலைப் பரப்பும் வேலையை இயற்கையிடமே ஒப்படைத்தால், களம் ஆண்டுதோறும் மாறும் என்பதையும் ஏற்க வேண்டும் என்பது இதன் பாடம்.

ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில், 2001 முதல் நிரந்தரக் குழாய் அமைப்பின் மூலம் மணல் தெற்கிலிருந்து வடக்கே அனுப்பப்படுகிறது. கட்டுமானம் தடுத்த மணலை மனிதனே கடத்திவிடும் முறை அது. புதுச்சேரியில் தொடர்ந்து நடைபெறாத அதே பணி, அங்கு இரு மாநில அரசுகளின் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் நடைபெறுகிறது. அலைச்சறுக்குக்குப் புகழ்பெற்ற நீண்ட மணல்திட்டு ஒன்று அதனால் உருவானது. அருகிலிருந்த கிர்ரா என்ற பழைய அலைக்களம், அதே மணலால் சில ஆண்டுகள் மூடப்பட்டது.

திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட உதாரணங்களிலிருந்து சில பொதுவான முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, கட்டுமானத்தின் விளைவை அதன் எல்லைக்குள் மட்டும் கணக்கிடுவது போதாது. மணல் பயணிக்கும் திசையில் பல கிலோமீட்டர் வரை பார்க்க வேண்டும். இரண்டாவதாக, மணலைக் கடத்திவிடும் ஏற்பாடு கட்டுமானத்தோடு முடிவதில்லை. துறைமுகம் இருக்கும் வரை ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டிய பணி அது. மூன்றாவதாக, பருவந்தோறும் கடலடி ஆழத்தை அளந்து பொதுமக்களுக்கு வெளியிட்டால் மீனவர், மீட்புப் பணியாளர், விளையாட்டு வீரர் ஆகிய அனைவருக்கும் பயன்படும். நான்காவதாக, முகத்துவாரம் எப்போது திறக்கும், திட்டு எங்கே நகரும் என்பதை நாள்தோறும் கண்டறியும் மீனவர்களின் அறிவு, திட்டமிடலின் தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டும்.

கடலில் இறங்குவோருக்கான எச்சரிக்கைகள்

விண்ட்சர்ஃபிங் கற்க விரும்புவோர் சென்ற பருவத்து அனுபவத்தை நம்பி இறங்கக் கூடாது. ஓதம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கரையிலிருந்து பார்த்தால் திட்டுகளின் அமைப்பு தெரியும். வெண்ணுரையுடன் அலை உடையும் இடம் ஆழம் குறைந்தது. இரு நுரைப் பரப்புகளுக்கு நடுவே அமைதியாகத் தோன்றும் கருநிற நீர், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேற வேண்டும். பலகை மிதக்கும் பொருள் என்பதால் எந்நிலையிலும் அதனைக் கைவிடக் கூடாது.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் புதியவர்கள் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். கரைக்கு இணையாகவோ சற்றே கரையை நோக்கியோ வீசும் காற்றே ஏற்றது. தூண்டில் வளைவுகள், கற்சுவர்கள், துறைமுக வாய்கள் ஆகியவற்றின் காற்றுத் திசையில், அவற்றை நோக்கி அடித்துச் செல்லப்படும் நிலையில், பயிற்சி மேற்கொள்ளக் கூடாது. மிதவை உடையும் துணையாள் ஒருவரும் கட்டாயம். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயரம், கடல் சீற்றம் குறித்த முன்னறிவிப்புகளைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும். தொலைதூரப் புயலால் உருவாகி, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையைத் தாக்கும் ‘கள்ளக்கடல்’ அலைகள் குறித்தும் அம்மையம் எச்சரிக்கை விடுக்கிறது.

முன்னறிவிப்பு அலையின் உயரத்தைச் சொல்லும்; அந்த அலை எந்தத் திட்டின் மீது உடையும் என்பதைச் சொல்லாது. அதை அறிய, அன்று காலை அக்கரையிலிருந்து கடலுக்குச் சென்று திரும்பிய மீனவரிடம் கேட்பதே சிறந்த வழி.